புராஜெக்ட் எழுதப் போகிறீர்களா?

தலைப்பு முடிவானதும் 'சோத்கங்கா' தளத்தில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே இலவசம். முழுதும் படிக்க வேண்டாம். கடைசியில் உள்ள துணைநூற் பட்டியலே பாதி வேலையை முடித்துவிடும். பழைய தமிழ் நூல், இதழ் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். சென்னைவாசிகளுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர், நூல், பதிப்பு ஆண்டு, பக்க எண் நான்கையும் எழுதிவிடுங்கள். பக்க எண்ணை விட்டவர்கள் சமர்ப்பிக்கும் வாரத்தில் படும் பாடு தனி! இலவச மென்பொருளான ஸொட்டேரோவில் ஏற்றிவைத்தால் மேற்கோள் பட்டியலை அதுவே தயாரித்துத் தரும்; தமிழ் நூல் விவரங்களைப் பெரும்பாலும் நாமேதான் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

கோப்புக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்றெல்லாம் பெயர் வைக்காமல், 2025-03-14 என ஆண்டை முன்னால் போட்டுத் தேதியிடுங்கள். வரிசை தானாக அமையும். பிரதி ஒன்று மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.