அட்டவணைகளை உறவாக்கும் முறை

நூலகத்தில் நூல் வழங்கும் பேரேட்டைக் கணினிக்கு மாற்றுவோர் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே நீண்ட அட்டவணையில் எழுதிவிடுகின்றனர். பெயர், வகுப்பு, நூல், ஆசிரியர், தேதி என ஒவ்வொரு வரியிலும் எழுதியதையே எழுத வேண்டும். மேலும், நம் பள்ளியில் மேரி இல்லாத வகுப்பு ஏது? ஒரு மேரி திருப்பித் தராத நூலுக்கு மற்றொரு மேரி அபராதம் கட்ட நேரிடலாம்.

இதற்கு வழி கண்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். அவர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையே உறவுமுறைத் தரவுத்தளங்களுக்கு அடிப்படை. 1992-இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் அக்சஸ் அம்முறையில் இயங்குவதாகும்.

முதலில் மாணவியர், நூல்கள், வழங்கல் என மூன்று அட்டவணைகள் அமைப்போம். முதலிரண்டிலும் ஒவ்வொரு வரிக்கும் தனி எண் தந்து, அதனையே முதன்மைத் திறவுகோல் ஆக்குவோம். வழங்கலில் பெயர்கள் வேண்டா. மாணவி எண், நூல் எண், தேதிகள் போதும். மாணவியர் அட்டவணையில் எண் 'ஆட்டோநம்பர்' எனில், வழங்கலில் அது 'லாங் இன்டிஜர்' அளவுள்ள 'நம்பர்' ஆக இருத்தல் அவசியம்.

பின்பு 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பகுதியில் 'ரிலேஷன்ஷிப்ஸ்' திறந்து மூன்றையும் சேர்ப்போம். (அட்டவணைகளை முன்பே மூடிவிட வேண்டும், இல்லையேல் கணினி மறுக்கும்.) மாணவியர் அட்டவணையின் எண்ணைச் சுட்டியால் இழுத்து, வழங்கலிலுள்ள மாணவி எண்ணின்மேல் விடுவோம். தோன்றும் பெட்டியில் 'என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி' என்பதைக் குறியிட்டால், இல்லாத மாணவியின் எண்ணில் நூல் வழங்க இயலாது. 'கிரியேட்' அழுத்தியதும் கோட்டின் ஒரு முனையில் 1, மறுமுனையில் முடிவிலிக் குறி தோன்றும். ஒரு மாணவி பலமுறை நூல் பெறலாம் என்பது பொருள். நூல்களுக்கும் அவ்வாறே.

அதே பெட்டியில் 'கேஸ்கேட் டிலீட்' என்றொரு கட்டம் உண்டு. தங்கையரே, அதனைத் தொடாதிருப்பதே நன்று! பள்ளி முடித்துச் சென்ற அக்கா ஒருவரின் பெயரை நீக்கினால், அவர் பெற்ற நூல்களின் பதிவுகளும் உடன் அழியும். வராத நூல் யாரிடம் என்று சிஸ்டர் கேட்டால் காட்ட ஒன்றும் இராது. குறியிடாவிடில், வழங்கலில் பதிவு உள்ளவரை அப்பெயரை நீக்கக் கணினி இசையாது. பிடிவாதமான நூலகர்தான்; எனினும் நமக்கு வேண்டியவர் அத்தகையவரே.

பதிவுகளை நிரப்பிய பின் உறவு அமைக்க முயன்றால், பொருந்தாத ஓர் எண் இருந்தாலும் கணினி ஏற்காது. 'க்வெரி விசார்ட்' உள்ளேயுள்ள 'ஃபைண்ட் அன்மேட்ச்டு' அத்தகைய வரிகளைக் காட்டும். அவற்றைப் பழைய கையெழுத்துப் பேரேட்டோடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும். ஆகவே அதனை அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.