மூக்கில்லா மோட்டார் வண்டிகள்

தமிழிலக்கியம் பயில்வார்க்கு மோட்டார் வண்டியினிடத்து என்ன வேலையென நண்பர் சிலர் நம்மை வினவுவர். ஒரு பொருளின் வடிவும் பயனும் தம்முள் எங்ஙனம் இயைந்து நிற்கின்றன என்று காண்டலே கலைப்பயிற்சியின் பெரும்பகுதியாதலின், செய்யுளின்பாற் செலுத்தும் கண்ணை ஒரோவழி வண்டியின்பாற் செலுத்துதலும் இழுக்காகாது. ஈண்டு நாம் ஆராயப் புகுவன, சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தோன்றி, இன்று பழைய வண்டிகளை விரும்புவோராற் பெரிதும் போற்றப்படும் ஒருவகை வேன்களும் பிக்கப்புகளுமாம்.

1. பொது இயல்பு

பெரும்பான்மை வண்டிகளில் முன்னே இயந்திரம், அதன்பின் ஓட்டுவோன், அவன்பின் சரக்கு என மூன்றும் நிரலே நிற்கும். இயந்திரத்தை மூடிய பானெட்டு, வண்டிக்கு மூக்கெனத் தோன்றும். நாம் கூறும் வகைக்கோ அம்மூக்கு இல்லை. ஓட்டுவோன் முன்சக்கரங்களின்மேலேயே அமர்வான்; அவனுக்கு முன்னே கண்ணாடியும் முகப்புத் தகடுமே உள. இதனாலாய பயன் யாதெனின், மூக்கு கவர்ந்த நீளமெல்லாம் சரக்கிற்குக் கிடைத்தலும், குறுகிய தெருவில் வண்டி எளிதிற் றிரும்புதலுமாம். அங்ஙனமாயின் இயந்திரம் எங்குச் சென்றதெனின், அதற்கு விடை இரண்டு: பின்னே சென்றது, அன்றேல் இருக்கைகளுக்கு நடுவே புகுந்தது. இவ்வேறுபாடே உடலமைப்பின் வேறுபாடுகள் பலவற்றிற்குங் காரணமாயிற்று.

2. இயந்திரம் பின்னே உள்ளவை

இவற்றுள் தலைசிறந்தது ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் வேன் ஆகும். ஒல்லாந்து தேயத்து வணிகராகிய பென் பொன் என்பார், அத்தொழிற்சாலையினுள்ளே சாமான்களைச் சுமந்து திரிந்த தட்டு வண்டியைக் கண்டு, 1947 ஏப்ரலில் தம் குறிப்பேட்டில் ஒரு சிறு படம் வரைந்தார். பெட்டி போன்ற உடல், முன்னே ஓட்டுவோன், பின்னே இயந்திரம், அவ்வளவே அப்படம். அஃது 1950 மார்ச்சில் வண்டியாகி வெளிப்போந்தது. முதலிற் செய்த மாதிரியின் தட்டையான முகப்புக் காற்றைப் பெரிதும் எதிர்த்தமையின், பிரௌன்ஷ்வைக் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியிற் காற்றுச் சோதனை செய்து, முகத்தை வளைத்தமைத்தனர். இன்று அழகென்று நாம் வியக்கும் அவ்வுருண்டை முகம் காற்றின் பொருட்டு வந்ததேயன்றி, அழகின் பொருட்டு வந்ததன்று. நடுவே பிளந்த இரட்டைக் கண்ணாடி 1967 வரை நிலைத்தது.

இவ்வொரே அடிப்பகுதிமேற் பல உடல்கள் எழுந்தன. 1951-இல், கூரையோரத்திலும் சிறு சாளரங்கள் பெற்று, மொத்தம் 23 சாளரங்களோடு கூடிய உல்லாச வண்டி வந்தது. 1952-இற் பிக்கப் வந்தது. பின்னே இயந்திரம் இருத்தலின் அதன் தட்டு உயர்ந்து நின்றது. எனினும் அத்தட்டின்கீழ் எஞ்சிய இடத்தைப் பூட்டி வைக்கும் அறையாக்கி, குறையையே நிறையாக்கினர். தட்டின் பக்கப் பலகைகளும் கீழே மடிவன. 1958-இல் இருவரிசை இருக்கையுள்ள பிக்கப்பும் தோன்றிற்று.

அமெரிக்காவில் செவ்ரலே நிறுவனத்தார் 1961-இற் கோர்வேர் வகையில் இவ்வாறே இயந்திரத்தைப் பின்வைத்து ஒரு பிக்கப் செய்தனர். அதன் தட்டு நடுவே தாழ்ந்தும், பின்னே இயந்திரத்தின்மேல் உயர்ந்தும் இருந்தது. ஆதலின் பக்கவாட்டிலே ஒரு கதவமைத்து, அது கீழே மடிந்து தரையைத் தொட்டுச் சாய்பலகையாகுமாறு செய்தனர். பாரமான உருளைகளையும் தள்ளுவண்டிகளையும் தூக்காமல் உருட்டியே ஏற்றலாயிற்று. சுமப்போனது முதுகை நினைந்து செய்த உடல் இஃதெனலாம்.

3. இயந்திரம் நடுவே உள்ளவை

1961-இல் வந்த போர்டு எக்கனோலைனும், 1964-இல் வந்த டாட்ஜ் ஏ-100 வண்டியும் இயந்திரத்தை ஒரு பெட்டியால் மூடி, இரு இருக்கைகட்கும் இடையே வைத்தன. இதனாற் பின்றளம் தாழ்ந்து சமமாயிற்று. ஆயின் வெப்பமும் ஓசையும் ஓட்டுவோன் பக்கலிலேயே தங்கின. வெற்றுப் பிக்கப்பிற் பாரமெல்லாம் முன்னே சாய்ந்து, பின்சக்கரங்கள் பிடிப்புக் குறைந்தன. 1956-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்ட ஜீப் எப்.சி.-150, அச்சுக்கு அச்சு 81 அங்குலமே உடையதாயினும், 6 அடிக்கு மேற்பட்ட தட்டைத் தாங்கிற்று. இவ்வகை ஜீப்பை நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தாரும் செய்தனர்.

4. கவர்ச்சியும் குறையும்

இவ்வண்டிகள் மனத்தைக் கவர்தற்குக் காரணம் யாது? இரு விளக்குகளும் கண்களாக, அகன்ற தகடு முகமாக, இவை நம்மை நோக்கிநிற்பன போலும். அன்றியும், இல்லாத வேகத்தை இருப்பதாகக் காட்டும் நீண்ட மூக்கு இவற்றிற்கில்லை. சொல்லவந்த பொருளை மிகையின்றிச் சொல்லும் செய்யுள் போல, செய்யவந்த வேலையையே இவற்றின் வடிவம் கூறுகின்றது.

எனினும் ஒன்று கூறாதொழியின் இவ்வாராய்ச்சி பொய்யாகும். எம்மூர்ப் பட்டறையொன்றில் இவ்வகைப் பழைய வண்டியொன்றின்மேல் ஒருநாள் ஏறியமர்ந்தோம். சாலை காலடியிலிருந்தே தொடங்குமாறு தோன்ற, மிக மகிழ்ந்தோம். அருகு நின்ற முதிய ஓட்டுநர், “தம்பி, முன்னே வருவதெல்லாம் நன்றாய்த் தெரியும், இடித்தால் முதலில் நிற்பதும் நம் முழங்கால்தான்” என்றார். குனிந்து நோக்கினோம். எம் முழங்காலுக்கும் முகப்புத் தகட்டிற்கும் இடைநின்றது ஒரு சாணே. அவர் தம் வேட்டியைச் சற்றே உயர்த்தி, கணுக்காலின் நெடிய வடுவொன்றைக் காட்டினார், வேறொன்றுங் கூறிற்றிலர்.

பின்னாளில் அமெரிக்க வேன்கள் மீண்டும் குறுமூக்குப் பெற்றன. 1971 மாதிரிகளில் டாட்ஜும் செவ்ரலேயும் இயந்திரத்தை முன்னே தள்ளின. பிரேசில் நாட்டில் நெடுநாள் நிலைத்த வோல்க்ஸ்வாகன் வேனும், காற்றுப்பை முதலிய காப்புகள் கட்டாயமானமையின் 2013-இன் முடிவில் நின்றது.

ஆதலின் நாம் துணிந்தது இது: சரக்கிற்கு இடம் தேடியோர் அதனை ஓட்டுவோன் முன்னிருந்த காப்பினின்றே எடுத்தனர். இவ்வண்டிகளைப் போற்றுவோம், பழுது நீக்கிப் பாதுகாப்போம். ஆயின் அவற்றின் அழகைப் பாராட்டும்போதெல்லாம், அத்தகட்டின்பின் அமர்ந்து பிழைத்தோரையும் உடன் நினைவோமாக. வடிவிற்கும் பயனுக்கும் உள்ள இயைபை ஆராய்வார், அப்பயனின் விலையைக் கொடுத்தார் யாரென்பதையும் வினவுதல் கடனாம்.