மேட்ச் ஓடவில்லையா? நெட்டைத் திட்டாதீர்கள்

ஓசூர் சிப்காட் பட்டறையிலோ கிருஷ்ணகிரி வீட்டிலோ, பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் ஐபிஎல் மேட்சைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அதே நெட்டில் யூடியூப் தடங்கலின்றி ஓடினால், பெரும்பாலும் கோளாறு பிரவுசரில்தான். விண்டோஸ் 7 ஏற்கும் கடைசி குரோம் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் அதில் ஏறாது. மேட்ச் வீடியோ பூட்டுப் போட்டுத்தான் வருகிறது. அதைத் திறக்கும் வைட்வைன் மென்பொருள் பழையதானால் படம் வராமல் போகலாம்.

புதிய குரோம் வேண்டுமானால் விண்டோஸையும் மாற்ற வேண்டும். ‘ஓடுகிற சிஸ்டத்தை ஏன் மாற்ற வேண்டும்?’ என்பீர்கள். சிஎன்சி மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டர் என்றால் நியாயமான கேள்வி. அதில் கை வைத்தால் வேலையே நின்றுவிடலாம். அதை விட்டுவிட்டு மொபைலில் பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிய விண்டோஸ் ஏறுமா என்று கடையில் கேளுங்கள். ‘இந்த பிளேயரை இறக்குங்கள்’ என்று திரையில் குதிக்கும் விளம்பரத்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.