கலைவதும் ஒரு வேலைதான்!



ஆறாவது செமஸ்டர் வந்துவிட்டால் நம் கையில் இரண்டு நோட்டுகள். ஒன்று ரெக்கார்டு நோட்டு, இன்னொன்று ஆட்டோகிராப் நோட்டு. முதலாவதில் தப்பு இருந்தால் சார் திருப்பித் தந்துவிடுவார். இரண்டாவதைத் திருத்த ஆளில்லை! ஒரே வரியை அறுபது பேருக்கும் எழுதி நீட்டிவிடுகிறோம். பிரிவைப் பற்றி இம்மலரில் கவிதைகள் நிறைய இருக்கும். நான் அதைக் கொஞ்சம் பாடமாகவே பார்க்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ப்ரூஸ் டக்மேன், சிறு குழுக்களைப் பற்றி வெளிவந்திருந்த சுமார் 50 கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்து, 1965-ல் நான்கு கட்டங்களைச் சொன்னார். உருவாதல், உரசல், ஒழுங்குக்கு வருதல், வேலையில் இறங்குதல். எங்கள் ப்ராஜெக்ட் பேட்சுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது! முதல் வாரம் டீக்கடையில் போட்டி போட்டுக்கொண்டு காசு கொடுத்தோம். மூன்றாவது வாரம், இரும்பு வாங்க யார் காசு என்று சட்டையைப் பிடித்துக்கொண்டோம்.

1977-ல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து டக்மேன் ஐந்தாவது கட்டத்தைச் சேர்த்தார்: கலைதல். முடிவும் ஒரு கட்டம் என்று எழுத அவருக்கே 12 வருடம் ஆகியிருக்கிறது. நாம் மறந்துபோவதில் ஆச்சரியமில்லை.

மறந்தால் என்ன ஆகும்? எங்களுக்கு முந்தைய செட் அண்ணன்கள் கையால் சுற்றும் நிலக்கடலை உடைக்கும் மெஷின் செய்திருந்தார்கள். அதை மோட்டாரில் ஓட்டுவதுதான் எங்கள் ப்ராஜெக்ட். உள்ளே சுற்றும் கட்டைக்கும் சல்லடைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று அவர்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வைவா முடிந்ததும் பஸ் ஏறிவிட்டார்கள். நாங்கள் மூன்று வாரம் வாஷரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஒரு நாள் பருப்பெல்லாம் பொடி, மறுநாள் தோலே உடையவில்லை! அதனால் இந்த முறை அந்த அளவை ஃபிரேமிலேயே பெயிண்டில் எழுதிவிட்டோம். மீதமிருந்த 340 ரூபாயையும் கணக்கு பார்த்துப் பிரித்தாயிற்று.

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது ஒன்று இருந்தது. எங்கள் ஆறு பேரில் வெல்டிங் முழுக்கச் செய்தவனுக்கு இரண்டு அரியர், இரண்டுமே கணக்கு. பிரிவு உபசார விழாவுக்குப் பெயர் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "நீங்க போறீங்க, உங்களுக்கு விழா. நான் அக்டோபர்ல மறுபடி இங்கதான் வந்து நிக்கணும். எனக்கு எதுக்குடா?" என்றான். யாருக்கும் பதில் வரவில்லை.

விழாவுக்கு வா என்று அவனை இழுப்பது சரியில்லை என்றுதான் எனக்குப் பட்டது. எல்லோரும் ஒரே மாதிரி கலைவதில்லை. மாலையும் குரூப் போட்டோவும் அவனை இன்னும் தனியாக்கும். அதனால் வைவா முடிந்த அன்று சாயங்காலம், ஒர்க்ஷாப் பின்பக்கம் ஆறு பேர் மட்டும் உட்கார்ந்தோம். ஒரே நிபந்தனை: ‘நல்ல பையன்’ மாதிரி பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது, ஒவ்வொருவரிடமும் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். முதலில் சிரிப்பாக இருந்தது. என் முறை வந்தபோது அவனிடம், "மோட்டார் போட்டதும் நாங்க செஞ்சதெல்லாம் ஆடுச்சு. நீ வெல்டு வச்ச ஃபிரேம்தான்டா ஆடாம நின்னுச்சு. வெல்டு வைக்கிறதுக்கு முன்னாடி மூலைமட்டம் வச்சுப் பார்க்கறத உங்கிட்டதான் கத்துக்கிட்டேன்" என்றேன்.

ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த இன்டக்ரேஷன் மட்டும் யாராவது சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டான்.

மே மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் வீட்டு மொட்டை மாடியில் கணக்கு. வேலை கிடைத்து வெளியூர் போகிறவர்களை விட்டு, மிச்சமிருக்கும் மூன்று பேரும் போகிறோம்.