பெர்லின் பிடித்துப்போய்விட்டதா? முதலில் சில கணக்குகள்

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பிக்கும் எவரிடமும் ஓர் எக்செல் ஷீட் இருக்கும். பல்கலைக்கழகம், பாடத்திட்டம், கேட்கும் மதிப்பெண், ஐஇஎல்டிஎஸ், ஏபிஎஸ் சான்றிதழ், கடைசித் தேதி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஊருக்கு மட்டும் கட்டம் இருக்காது. சீட் எங்கே கிடைக்கிறதோ அதுதான் ஊர். அப்படிப் போய்ச் சேர்ந்த ஊர் ஒரு சாயங்காலம் மனசுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, "இங்கேயே இருந்துவிடலாமே" என்று சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் அந்தக் கட்டத்தை விட்டது உறைக்கும்.

படித்த ஊர்மேல் காதல் வருவதை யாரும் அசட்டுத்தனம் என்று ஒதுக்க வேண்டாம். ஊரைப் பிடித்தவர்தான் அந்த ஊர்ப் பாஷையைக் கற்கிறார், ஆட்களோடு பழகுகிறார், விளம்பரத்துக்கு வராத வேலையைக் காதில் கேட்கிறார். ஆனால் அந்தப் பிரியத்தை மட்டும் நம்பி அடுத்த பத்து வருஷத்தை எழுதிக்கொடுப்பது வேறு விஷயம். பெர்லினை வைத்துப் பேசலாம். நம் பிள்ளைகள் மயங்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. மயக்கத்தில் கால் இடறும் ஊரும்கூட.

எதில் விழுகிறோம்?

பெர்லின் அழகான ஊர் என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பிராக், வியன்னா பக்கம் போய்வந்தவர்கள் முதல் வாரம் உதட்டைப் பிதுக்குவார்கள். பெர்லினின் வசீகரம் அது விட்டுவைத்திருக்கும் இடங்களில் இருக்கிறது. டெம்பெல்ஹோஃப் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். 1948-49 சோவியத் முற்றுகையின்போது மேற்கு பெர்லினுக்கு மாவும் நிலக்கரியும் வந்திறங்கிய விமான நிலையம் அது. 2008இல் மூடினார்கள். 2010இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஓரங்களில் வீடு கட்ட அரசு திட்டம் போட்டபோது, 2014இல் வாக்கெடுப்பு நடத்தி நகரவாசிகள் வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்று விமானம் ஓடிய பாதையில் சைக்கிள் ஓட்டலாம், பட்டம் விடலாம், சும்மா படுத்துக் கிடக்கலாம். ஒருவரும் வந்து ஏன் என்று கேட்க மாட்டார். சாதி, சம்பளம், கல்யாணம் என்று கேள்விகளுக்கு நடுவே வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இந்த 'யாரும் கேட்காத' நிலை தரும் போதையைக் குறைத்து எண்ணக் கூடாது.

ஆனால் வீட்டுப் பஞ்சத்தில் தவிக்கும் ஊரும் இதேதான். அந்தத் திடலில் கட்டலாமா கூடாதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நீங்கள் மாலையில் ரசிக்கும் வெட்டவெளிக்கும் மாதக் கடைசியில் கட்டும் வாடகைக்கும் உறவு உண்டு.

இரண்டு குளிர்காலம் கழியட்டும்

பெரும்பாலானோர் குளிர்கால செமஸ்டருக்கு அக்டோபரில் வந்திறங்குகிறார்கள். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காலை எட்டு தாண்டித்தான் வரும். அந்த இருட்டில் "தெரியாமல் வந்துவிட்டேன்" என்று வீட்டுக்குப் போன் போகும். மே, ஜூன் வந்தால் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம், ஏரிக்கரை எல்லாம் கூட்டம். இப்போது அதே பிள்ளை "இந்த ஊரை விட்டு வரமாட்டேன்" என்கிறது. இரண்டு பேச்சையும் நம்பாதீர்கள். கோடை எப்படி இருக்கும் என்று தெரிந்தபின் வரும் இரண்டாவது பிப்ரவரியில் ஊர் எப்படித் தெரிகிறதோ, அதுதான் உங்கள் உண்மையான கருத்து. வேலை ஒப்பந்தம், நீண்ட கால வீடு போன்ற பெரிய முடிவுகளை அதுவரை தள்ளிப்போட முடிந்தால் நல்லது.

உங்கள் தொழில் அங்கே குடியிருக்கிறதா?

பலரும் கேட்கத் தவறும் கேள்வி இதுதான். ஜெர்மனியின் தலைநகரம் என்பதால் பெரிய கம்பெனிகள் எல்லாம் பெர்லினில்தான் இருக்கும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. சரித்திரம் அதை வேறு மாதிரி எழுதிவிட்டது. சீமென்ஸ் 1847இல் பெர்லினில் பிறந்த நிறுவனம். போருக்குப் பிறகு நகரம் பிளந்து, சுற்றிலும் சோவியத் மண்டலம் சூழ்ந்ததும் அதன் தலைமையகம் மியூனிக்குக்குப் போனது. வங்கிகள் ஃபிராங்க்ஃபர்ட்டில் திரண்டன. கார் தொழில் ஸ்டுட்கார்ட், மியூனிக், வோல்ஃப்ஸ்பர்க் என்று வேர்விட்டது. 1961இல் சுவரும் எழுந்தது. முதலாளிகள் விட்டுப்போன ஊரில் வாடகை குறைந்தது. ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் மாணவர்களும் வந்து நிரம்பினார்கள். சுவர் விழுந்தபின் அந்த மலிவையும் அந்தக் கூட்டத்தையும் நம்பித்தான் ஸ்டார்ட்அப்காரர்கள் வந்தார்கள். ஸலாண்டோ 2008இல், டெலிவரி ஹீரோ 2011இல் பெர்லினில் தொடங்கியவை. அந்த மலிவு இப்போது போய்விட்டது, ஸ்டார்ட்அப்கள் இருக்கின்றன.

ஆகவே மென்பொருள், டேட்டா, டிசைன், ஃபின்டெக் படித்தவருக்குப் பெர்லின் தாராளமான ஊர். மருத்துவ ஆராய்ச்சி, உயிரித் தொழில்நுட்பம் என்றால் 1710 முதல் இயங்கும் ஷாரிட்டே மருத்துவமனை இருக்கிறது, வெட்டிங் பகுதியில் பேயரின் மருந்துப் பிரிவு இருக்கிறது. ஒளியியல், பொருளறிவியல் ஆட்கள் ஆட்லர்ஸ்ஹோஃப் அறிவியல் வளாகத்தைச் சுற்றிவர வேண்டும். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஆட்டோமோட்டிவ் மாஸ்டர்ஸ் செய்பவருக்குத்தான் கஷ்டம். ஷ்பான்டாவில் பிஎம்டபிள்யூவின் மோட்டார் சைக்கிள் ஆலை உண்டு. நகரத்துக்கு வெளியே கிரூன்ஹைடேயில் 2022இல் திறந்த டெஸ்லா தொழிற்சாலை உண்டு. அதற்கப்புறம் விரல் மடக்க அதிகம் இல்லை. பெர்லின்மேல் ஆசை இருக்கும் ஆட்டோமொபைல்காரர், பேட்டரி, கட்டுப்பாட்டு மென்பொருள் என்று பாடத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வது நல்லது. அதை முதல் செமஸ்டரிலேயே செய்ய வேண்டும், தீசிஸ் எழுதும்போது யோசித்தால் நேரம் போயிருக்கும்.

அறை, பெயர்ப்பலகை, காகிதம்

விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட்டில் வருஷத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ காட்டுகிறோம். பெர்லினில் நாலு பேர் பங்கிட்டு வாழும் வீட்டில் ஓர் அறைக்கே 600 யூரோ, அதற்கு மேலும் கேட்கிறார்கள். உடல்நலக் காப்பீடும் போனால் மிச்சம் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் விடுதிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அங்கே பெயரைப் போட்டுவிட வேண்டும்.

வீடு பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது வாடகையைக்கூட அல்ல, "அன்மெல்டுங் செய்யலாமா?" என்பதைத்தான். குடியேறிய 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். பதிவு இல்லாவிட்டால் வரி எண் தபாலில் வராது, வங்கிக் கணக்கு முதல் குடியிருப்பு அனுமதி வரை ஒவ்வொன்றாக இழுபடும். "பதிவு மட்டும் முடியாது, மற்றபடி அருமையான அறை" என்று சொல்லும் இடத்தை விட்டுவிடுங்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பு, சாவி கூரியரில் வரும்" என்பவர் திருடர், சந்தேகமே வேண்டாம். முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள்: தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே கதவு எண்ணைப் பார்த்து அல்ல, பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். அரசாங்கம் உங்களோடு பேசுவது பெரும்பாலும் தபாலில்தான்.

ஆங்கிலம் என்ற பொறி

பெர்லினில் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாழலாம். காபிக் கடை, பிட்சாக் கடை, ஸ்டார்ட்அப் அலுவலகம் எங்கும் ஓடிவிடும். சின்ன ஊரில் படிக்கிறவர் வேறு வழியின்றி ஜெர்மன் கற்றுக்கொள்கிறார். பெர்லின் மாணவர் ஏ2 என்னும் தொடக்க நிலையோடு நின்றுவிடுகிறார். கம்பெனியில் ஆட்குறைப்பு வரும் நாளில்தான் இதன் விலை தெரியும். ஜெர்மன் தெரிந்தவருக்கு நாடு முழுக்கக் கதவு இருக்கிறது. தெரியாதவருக்கு அடுத்த ஸ்டார்ட்அப்பின் கதவு மட்டும். நகரின் 12 வட்டாரங்களிலும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்னும் பொதுக் கல்விக்கூடம் இருக்கிறது. தனியார் வகுப்புகளைவிடக் கட்டணம் நன்றாகவே குறைவு. படிப்பு முடியும்போது பி2 என்று இலக்கு வையுங்கள். பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டு வாங்கியவருக்கு நிரந்தரக் குடியிருப்பு 27 மாதத்தில் கிடைக்கலாம். பி1 இருந்தால் அது 21 மாதமாகக் குறைகிறது. அரசாங்கமே பாஷைக்கு ஆறு மாதம் தள்ளுபடி தருகிறது.

வேலைக்குள் நுழைய மிக நல்ல வாசல் வெர்க்ஸ்டூடென்ட் வேலை, அதாவது படித்துக்கொண்டே துறை சார்ந்த பகுதிநேர வேலை. செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்குள். 2024 மார்ச் முதல் மாணவர் விசாவில் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் உழைக்கலாம். உணவு டெலிவரியில் முதல் சில மாதம் கையில் காசு புரளும், மறுக்கவில்லை. ஆனால் குறைந்த சம்பளமானாலும் துறை வேலைக்கு மாறிக்கொண்டவரின் பயோடேட்டாவைத்தான் மேலாளர் எடுத்துப் படிக்கிறார். பல்கலைக்கழகத்திலேயே மாணவ உதவியாளர் வேலை கிடைத்தால் விடாதீர்கள். பெர்லினில் அதற்கென்று தனி ஊதிய ஒப்பந்தமே உண்டு.

நம்மவர்கள்

1980களில் இலங்கைத் தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸே நிலையம் வழியாக ரயிலேறி மேற்கே தஞ்சம் புகுந்தார்கள். அவர்கள் காதலித்துத் தேர்ந்தெடுத்த ஊர் இல்லை இது. பிரிட்ஸ் பகுதியில் இன்று நிற்கும் மயூரபதி முருகன் கோயில் அந்தச் சமூகம் எழுப்பியது. வெள்ளிக்கிழமை அங்கே போனால் சாப்பாடு கிடைக்கும், அதைவிட முக்கியமாக, காகிதம் ஒன்றுமில்லாமல் இந்த ஊரில் காலூன்றிய அண்ணன்களும் அக்காக்களும் கிடைப்பார்கள். வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரி ஆபத்து என்று கேளுங்கள், விலாவாரியாகச் சொல்வார்கள். வாரத்தின் ஏழு நாளும் வாட்ஸ்அப் குழு, இந்தியக் கடை, ரூம்மேட் என்றே சுற்றினால் மட்டும்தான் பிரச்சினை. அப்புறம் பெர்லினைப் பிடிக்கிறது என்று சொல்வதில் அர்த்தம் குறைவு.

நேர்முகத் தேர்வும் 18 மாதமும்

"ஏன் பெர்லினில் இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்பார்கள். கேட்பதன் காரணம், பயிற்சி கொடுத்த ஆள் ஆறு மாதத்தில் பெட்டியைக் கட்டிவிடுவாரோ என்ற பயம். "பன்முகக் கலாச்சாரம்" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர்களுக்குக் கொட்டாவி வரும். எந்த வட்டாரத்தில் வசிக்கிறீர்கள், எந்தத் தொழில்நுட்பச் சந்திப்புக்குப் போகிறீர்கள், ஜெர்மன் எந்த நிலையில் இருக்கிறது என்று மூன்று வாக்கியம் போதும்.

பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். மாணவர் அனுமதி முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். முதல் ஆறு மாதம் பெர்லினில் மட்டும் தேடுங்கள், காதலுக்கு அந்த மரியாதை கொடுக்கலாம். அதற்குமேல் வட்டத்தை அகலப்படுத்த வேண்டும். வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் லைப்சிக், அங்கே பிஎம்டபிள்யூவும் போர்ஷேயும் கார் செய்கின்றன. தெற்கே டிரெஸ்டன், அங்கே இன்ஃபினியன், குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்று சிப் ஆலைகள். இரண்டுமே வாரக்கடைசியில் பெர்லினுக்கு வந்துபோகும் தூரம். வேறு ஊர் வேலைக்குக் கையெழுத்திடும் வாரமே வீட்டுக்காரருக்கும் கடிதம் எழுதிவிடுங்கள். வழக்கமான வாடகை ஒப்பந்தத்துக்கு மூன்று மாத முன்னறிவிப்பு தேவை. மின்னஞ்சல் செல்லாது, கையெழுத்திட்ட தாள்தான் வேண்டும்.