முதற் கோணல்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. இவற்றுள் உடையை ஆக்கும் முறைகளில் தலையாயவை இரண்டு. ஒன்று நெசவு, மற்றொன்று பின்னல். நெசவிற்குத் தறி வேண்டும். நெடுக ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடும் ஆகிய இருவகை நூல்கள் வேண்டும். பின்னலுக்கோ இரண்டு ஊசிகளும் ஒரே நூலும் போதும். அந்நூல் வளைந்து கண்ணியாகிறது. ஒரு கண்ணியின் வழியே மற்றொரு கண்ணி புகுந்து வர, அவை ஒன்றையொன்று பற்றி நின்று ஆடையாகின்றன. ஆதலின், பின்னிய துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். நாம் நாள்தோறும் அணியும் பனியனும் காலுறையும் இவ்வாறு பின்னப்பட்டவையே என்பதை, அவற்றை உற்று நோக்குவார் எளிதில் அறிவர்.

இக்கலை பழைமையானது. எகிப்து நாட்டில் கிடைத்துள்ள பருத்திக் காலுறைகள் சில, நீலமும் வெள்ளையுமாகிய நூல்களால் அழகிய கோலங்கள் அமையப் பின்னப்பட்டவை. அவை ஏறத்தாழ 11-ஆம் நூற்றாண்டிற்கும் 14-ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்ட காலத்தன என்பர். பின்னர் ஐரோப்பாவில் இது பெருந்தொழிலாக வளர்ந்தது. பின்னுதல் பெண்டிர்க்கே உரிய வேலை என்று கருதுவார் உளர். ஆனால், அக்காலத்து ஐரோப்பிய நகரங்களில் இயங்கிய பின்னல் தொழிலாளர் சங்கங்களில் பெரும்பாலும் ஆடவரே உறுப்பினராய் இருந்தனர். 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டினராகிய வில்லியம் லீ என்பார் காலுறை பின்னும் பொறி ஒன்றை அமைத்தார். கையாற் பின்னிப் பிழைப்போர் வாழ்விழப்பர் என்று அஞ்சி, எலிசபெத்து அரசியார் அதற்கு உரிமம் வழங்க மறுத்தார் என்று கூறுவர். எனினும் பொறி வளர்ந்தது. இன்று திருப்பூரில் இயங்கும் பின்னலாடைப் பொறிகளும் கண்ணியுள் கண்ணி கோக்கும் அப்பழைய நெறியையே பின்பற்றுகின்றன.

பொறிகள் பெருகிய பின்னும் கைப்பின்னல் அழிந்திலது. குளிர் மிக்க நாடுகளிலும் மலைப்பகுதிகளிலும் அது இல்லந்தோறும் வாழ்ந்து வருகின்றது. நம் நீலகிரியின் உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தைத் திங்கள்களில் விடியற்காலையிற் பார்த்தால், புல்வெளியெங்கும் உறைபனி உப்புப் பூத்தாற்போலப் படிந்திருக்கும். அவ்வூரை அடுத்த இல்லம் ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கைப்பின்னல் கற்ற கதை இக்கலையின் இயல்பை நன்கு விளக்கும்.

அவ்வில்லத்தில் இருந்தவர் ஐவர். தந்தை தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலர். தாய் வீட்டை ஒட்டிய சிறு தோட்டத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வந்தார். மகள் மூத்தவள், மகன் இளையவன். குடும்பத்தார் அனைவர்க்கும் ஆண்டுதோறும் கம்பளி உடை பின்னித் தந்தவர் பாட்டியார். அவர் கண்களில் புரை படர்ந்தமையால், ஈராண்டுகளாக அவர்தம் ஊசிகள் பெட்டியில் உறங்கின. ஐப்பசித் திங்களில் ஒருநாள், தந்தையின் ஸ்வெட்டர் இரு முழங்கைகளிலும் கிழிந்திருப்பதை மகள் கண்டாள். உடனே பாட்டியாரிடம் சென்று, "பாட்டி, எனக்குப் பின்னக் கற்றுக்கொடுங்கள். இவ்வாண்டு அப்பாவுக்கு நானே ஸ்வெட்டர் பின்னப் போகிறேன்" என்றாள்.

பாட்டியார் முறுவலித்து, "முதலில் ஒரு மப்ளர் பின்னு, கண்ணே. அகலம் மாறாமல் நேராகப் பின்னக் கற்றவளுக்கே ஸ்வெட்டர் வசப்படும்" என்று கூறி, ஊசிகளை எடுத்துக் கொடுத்தார்.

பயிற்சி தொடங்கியது. முதற்கண் இடக்கை ஊசியில் நாற்பது கண்ணிகளை ஏற்றல் வேண்டும். பின் வலக்கை ஊசியை முதற் கண்ணியுள் நுழைத்து, நூலை அதன்மேற் சுற்றி, அச்சுற்றைக் கண்ணியின் வழியே இழுத்துப் பழைய கண்ணியை இடக்கை ஊசியினின்றும் நழுவவிடல் வேண்டும். புதிய கண்ணி வலக்கை ஊசியில் தங்கும். இவ்வாறு நாற்பதும் இடம் மாறினால் ஒரு வரிசை முடியும். ஒரு கண்ணி முன்புறத்தில் அம்பு முனைபோலத் தோன்றும். பின்புறத்தில் சிறு முடிச்சுப்போலப் புடைத்து நிற்கும். இவ்விரு தோற்றங்களும் மாறி மாறி வருமாறு பின்னினால், கைம்முனைக்கும் இடுப்பு விளிம்பிற்கும் ஏற்ற, விரிந்து சுருங்கும் கரை அமையும். கலை முழுவதும் இவ்விரண்டினுள் அடங்கும். எஞ்சியன எல்லாம் இவற்றின் சேர்க்கையே.

கேட்பதற்கு எளிதாயிருந்தது கைக்கு எளிதாயில்லை. ஒரு முழ நீளம் பின்னியபின் மகள் எண்ணிப் பார்த்தாள். நாற்பதாயிருந்த கண்ணிகள் நாற்பத்தேழு ஆகியிருந்தன. மப்ளரின் ஓரம் சாய்ந்து, ஒருபுறம் குறுகியும் மறுபுறம் அகன்றும் கிடந்தது. வரிசையின் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் போய்விட்டால், முதற் கண்ணி ஒன்று இரண்டுபோலத் தோன்றும். அதனை அறியாமல் இரண்டாகவே பின்னியதால் வந்த பிழை அது.

தாய் அதைக் கண்டு நகைத்து, "முதற் கோணல் முற்றும் கோணல் என்பார்கள்" என்றார்.

"சுவர் எடுப்பவனுக்கு அது சரி. பின்னலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது" என்றார் பாட்டியார்.

மகள் அதனை முடித்துத் தந்தையிடம் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். அவர் அதனைக் கழுத்திற் சுற்றிக்கொண்டு வேலைக்குச் சென்றார். மறுநாட் காலையில் திரும்பியவர், "கோணல் இருக்கலாம், அம்மா, குளிர் புகவில்லை" என்றார்.

அடுத்து, தம்பிக்குக் குல்லாய் பின்ன முற்பட்டாள். பின்னத் தொடங்குமுன் சிறு சதுரம் ஒன்றைப் பின்னி, ஓரங்குல அகலத்தில் எத்தனை கண்ணிகள் அமைகின்றன என்று எண்ணிக்கொள்ளுமாறு பாட்டியார் சொல்லியிருந்தார். மகள் அதனை வீண் வேலை என்று விடுத்தாள். அங்குலத்திற்கு ஐந்து கண்ணி என்று தானே கருதி, பதினெட்டு அங்குலச் சுற்றளவிற்குத் தொண்ணூறு கண்ணிகள் ஏற்றினாள். அவள் கைப்போக்கோ நெகிழ்ந்தது. அங்குலத்திற்கு நான்கு கண்ணிகளே அமைந்தன. குல்லாயின் சுற்றளவு இருபத்திரண்டரை அங்குலம் ஆயிற்று. தம்பி அதனை அணிந்ததும் அது கண்களை மூடிக் கன்னம்வரை இறங்கிற்று. அவன் சுவரைத் தடவித் தடவி நடந்து காட்ட, வீடு முழுதும் சிரித்தது. மகள் மட்டும் சிரிக்கவில்லை. "இனி உனக்கு ஒன்றும் பின்னேன்" என்று கடிந்து கூறினாள். அன்று முதல் அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. குல்லாயோ பாட்டியாரின் கொண்டையை அடக்கி அவர் தலையில் அழகாகப் பொருந்தியது.

கார்த்திகையில் ஸ்வெட்டர் தொடங்கியது. இம்முறை மகள் சதுரம் பின்னி, அளந்து, அங்குலத்திற்கு ஐந்து கண்ணி என்று உறுதி செய்துகொண்டாள். இருபது அங்குல அகலத்திற்கு நூறு கண்ணிகள் ஏற்றி, முதுகுப் பகுதியைப் பின்னலானாள். பாதி முடிந்தபோது, கீழே ஒரு கண்ணி நழுவி, வரிசை வரிசையாக இறங்கி, ஏணிபோலப் பிளவு தோன்றியிருப்பதைக் கண்டு திடுக்கிட்டாள். பாட்டியார் அதனை வாங்கி விரலால் தடவினார். கொக்கி ஊசி ஒன்றால் நழுவிய கண்ணியைப் பற்றி, ஏணியின் ஒவ்வொரு படியையும் அதன் வழியே இழுத்து, மேல்வரிசை வரை கொண்டு சேர்த்தார். பிளவு இருந்த இடமே தெரியவில்லை. மங்கிய கண்களுக்கு மாறாக அவர் விரல்கள் பார்த்தன.

மார்கழி பிறந்தது. அரையாண்டுத் தேர்வும் வந்தது. மகள் பகலிற் படித்து, மாலையில் மார்புப் பகுதியைப் பின்னினாள். அவ்வழியே செல்லும்போதெல்லாம் தம்பி, எவரையும் நோக்காமல், "இதுவும் குல்லாயைப்போல ஆகுமோ?" என்று முணுமுணுப்பான். அவள் மறுமொழி கூறாது இன்னும் விரைந்து பின்னுவாள். பன்னிரண்டு நாளில் அது முடிந்தது. முதுகுப் பகுதியின்மேல் அதனை விரித்துப் பார்த்தபோது, அவள் முகம் வாடியது. மார்புப் பகுதி ஏறத்தாழ இரண்டு அங்குலம் குறுகியிருந்தது. கண்ணிகளை எண்ணினாள், நூறும் இருந்தன. அளந்து பார்த்தாள், அங்குலத்திற்கு ஐந்தரைக் கண்ணிகள் அமைந்திருந்தன. தேர்வின் கவலையும் தம்பிமேற் கொண்ட சினமும் மனத்தை இறுக்க, மனம் கையை இறுக்கியிருந்தது. அங்குலத்தில் அரைக் கண்ணி என்னும் சிறு வேறுபாடு, நூறு கண்ணிகளில் பெருகி நின்றது.

அன்றிரவு கடும்பனி. தந்தை கிழிந்த ஸ்வெட்டரின்மேல் கோணல் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். அவர் சென்றபின் தாய், "இழுத்துப் பிடித்துத் தைத்துவிடு, அம்மா. குளிருக்கு ஆகும். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார்" என்றார்.

அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்பதை மகளும் அறிவாள். மார்பு பிடிக்கும், கையை உயர்த்தினால் தோள் இழுக்கும், எனினும் அவர் முகங்கோணாது அணிவார். அந்நினைவே அவளை வருத்தியது. அவள் பாட்டியாரிடம், "மப்ளரின் கோணலை அப்படியே விடச் சொன்னீர்களே, இதையும் விடலாகாதா?" என்று கேட்டாள்.

பாட்டியார், "எல்லாப் பிழையும் ஒன்றல்ல, கண்ணே. மப்ளரின் பிழை பார்ப்பவர் கண்ணை உறுத்துமேயன்றி, அணிபவரை வருத்தாது. அதைப் பொறுக்கலாம். முதுகில் நழுவிய கண்ணி ஓரிடத்துப் பிழை. அதை அங்கேயே திருத்தலாம். இதுவோ அடிமுதல் முடிவரை ஓடுகிற பிழை. இதை மறைக்கலாம், திருத்த முடியாது" என்றார்.

"பன்னிரண்டு நாள் உழைப்பு வீணாகுமே!"

"நூல் கையில்தானே இருக்கிறது?"

மகள் நெடுநேரம் அப்பின்னலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பின்பு முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தாள். வரிசைகள் ஒவ்வொன்றாகக் கலையலாயின. கண்ணியாய் இருந்த நூல் சுருள் சுருளாக வந்து காலடியிற் குவிந்தது. அப்பொழுது தம்பி ஓசையின்றி வந்து எதிரே அமர்ந்து, இரு கைகளையும் நீட்டினான். அவள் அவன் கைகளில் நூலைச் சுற்றலானாள். சிறிது நேரம் சென்றபின் அவன், "இதெல்லாம் என்னால் வந்ததா, அக்கா?" என்றான். "இல்லையடா, நான் அளந்து பார்க்காததால் வந்தது" என்றாள் அவள்.

பிரித்த நூலை அப்படியே பின்னலாகாது. அதன் சுருக்கம் புதிய பின்னலைக் கெடுக்கும். ஆதலின் அதனைச் சிட்டமாகக் கட்டி, நீரில் நனைத்து, அடியில் சிறு சுமை தொங்கவிட்டு உலர்த்தினார்கள். நூல் பழையபடி நேராயிற்று. இவ்வாறு பிரித்துப் பின்னுதல் புதிதன்று. இரண்டாம் உலகப் போரை ஒட்டி, 1941 முதல் 1949 வரை இங்கிலாந்தில் உடைக்குப் பங்கீடு நிலவியது. அந்நாளில் அந்நாட்டு இல்லங்களில் பழைய கம்பளி உடைகளைப் பிரித்து, அந்நூலாலேயே குழந்தைகளுக்குப் புதிய உடைகள் பின்னினர்.

இரண்டாம் முறை மார்புப் பகுதி எட்டே நாளில் முடிந்தது. தம்பி அருகிருந்து ஐந்து வரிசைக்கு ஒருமுறை அளவுகோலை வைத்து அளந்து கூறினான். கைகளையும் பின்னி, பகுதிகளை இணைத்துத் தைத்து முடித்தபோது தைத்திங்களிற் பாதி கழிந்திருந்தது. எனினும் பனி எஞ்சியிருந்தது. தந்தை புதிய ஸ்வெட்டரை அணிந்து, விளக்கை எடுக்கக் கையை உயர்த்தினார். தோள் இழுக்கவில்லை; மார்பு பிடிக்கவில்லை. அவர் ஒன்றும் கூறாது, மகளின் தலையில் கைவைத்துவிட்டுப் புறப்பட்டார்.

அவர் திரும்பியபோது, கழுத்தின் பின்புறம் ஒரு கண்ணி மட்டும் முறுக்கி நிற்பது மகளின் கண்ணிற் பட்டது. அதனை எவரும் காணார். அது எவரையும் வருத்தாது. அவள் புன்னகையோடு அதனை விட்டுவிட்டாள். மறுநாள், கிழிந்த பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, அந்நூலைத் தம்பியிடம் கொடுத்து, "நாற்பது கண்ணி ஏற்று, பார்ப்போம்" என்றாள்.

முதற் கோணல் முற்றும் கோணலாவது, கோணலைக் கண்டும் மீளாதவர்க்கே. பிழை செய்யாமற் கற்றவர் எக்கலையிலும் இலர். ஆயினும், பொறுக்கத்தக்க பிழையைப் பெரிதாக்கி வருந்துதலும், களையத்தக்க பிழையை மறைத்து ஒழுகுதலும் ஆகிய இரண்டும் தீங்கே பயக்கும். எதனைப் பொறுப்பது, எதனை ஆங்கே திருத்துவது, எதனை அடியோடு பிரித்து மீளத் தொடங்குவது என்று பகுத்தறிதலே கற்றலின் பயன். இஃது ஊசிக்கும் நூலுக்கும் மட்டுமன்று. ஒரு கூரையின்கீழ் வாழ்வார் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவிற்கும் பொருந்துவதாம்.