நம்ம காற்றுக்குக் கொத்து ரோஜா: புதிதாகச் செடி வைப்பவர்களுக்குப் பதினொரு சொல்

கண்ணுகளா, பெருந்துறையில் புதுவீடு கட்டி, வாசலில் ரோஜா வைக்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஊட்டிக்குப் போனோம், செடி வாங்கி வந்தோம், சித்திரையில் கருகிப்போனது, நம்ம ஊருக்கு ரோஜா ஆகாதுங்க.

ஆகும். இந்த ஊர்க் காற்றில் ஈரம் குறைவு. அதனால்தான் அந்தக் காலத்தில் காசநோயாளிகளுக்கு இங்கே சானடோரியம் கட்டினார்கள். இன்று மருத்துவக் கல்லூரி இருக்கிற வளாகம் அதுதான். நெஞ்சுக்கு இதமான அந்தக் காற்று ரோஜா இலைக்கும் இதம். ரோஜாவின் பெரிய எதிரியான கரும்புள்ளி நோய் பிடிக்க, இலைமேல் ஏழெட்டு மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். ஐப்பசி அடைமழையை விட்டால் நமக்கு அது அபூர்வம். காற்று நம் பக்கம். செடியையும் மண்ணையும் தண்ணீரையும் சரிசெய்வதுதான் நம் வேலை.

1. மலைச் செடியை மலையிலேயே பாருங்கள்.
ஊட்டி அரசு ரோஜாப் பூங்கா 1995இல் அமைந்தது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006இல் அதைச் சிறந்த பூங்காவாகத் தேர்ந்து விருது கொடுத்தது. போய்க் கண்குளிரப் பாருங்கள். ஆனால் 7,000 அடிக்கு மேல் குளிரில் வளர்ந்த செடியை நம் வெயிலில் நட்டு வதைக்காதீர்கள். கல்யாணமான புதிதில் நான் ஆறு செடி தூக்கி வந்தேன். வைகாசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. சமவெளி நர்சரியில் ஒரு கோடையைத் தாண்டிய செடியாகக் கேட்டு வாங்குங்கள்.

2. பூவின் அளவைப் பார்க்காமல் கொத்தைப் பாருங்கள்.
காம்புக்கு ஒரு பெரிய பூ விடும் செடி, பூ உதிர்ந்தால் மொட்டையாக நிற்கும். இரண்டு மூன்று அடியில் அடங்கி, கொத்துக் கொத்தாகப் பூக்கிற புளோரிபண்டாதான் சின்ன வாசலுக்கு ஏற்றது. டென்மார்க்கின் பௌல்சன் குடும்பத்தார், சிறுபூக் கொத்து ரோஜாவையும் பெரும்பூ ரோஜாவையும் இணைத்து இந்த இனத்துக்கு வழிபோட்டார்கள். 1924இல் அவர்கள் தந்த ‘எல்சே பௌல்சன்’ பேர்பெற்றது. ஜெர்மனியின் கோர்டஸ் 1958இல் வெளியிட்ட வெள்ளை ‘ஐஸ்பெர்க்’ பேரில்தான் பனிமலை. நம் சமவெளியிலும் சளைக்காமல் பூக்கும். கோதுமைத் துருநோயோடு போராடிய விஞ்ஞானி பி.பி.பால், டெல்லியில் இருந்தபடி 1963இல் ‘டெல்லி பிரின்சஸ்’ என்ற கொத்து ரோஜாவைத் தந்தார். கொடைக்கானலில் எம்.எஸ்.வீரராகவனும் கிரிஜாவும் நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு, வெப்பம் தாங்கும் வகைகளை உருவாக்கினார்கள். அதில் ஒன்றுக்கு, கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர். ஊருக்கேற்ற செடி என்பதற்காகத் தங்கள் காலத்தையே செலவழித்தவர்கள் இவர்கள். நாம் தேர்ந்தெடுப்பதிலாவது கவனம் வைப்போம். இன்னும் சின்ன இடமென்றால் பட்டன் ரோஸ் போதும்.

3. காலை வெயில் கொடுங்கள், மேற்குச் சுவரைத் தவிருங்கள்.
ஆறு மணி நேர வெயில் இல்லாமல் பூ இல்லை. ஆனால் மேற்கு பார்த்த காம்பவுண்டுச் சுவர் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கச் செடிமேல் கக்கும். கிழக்கு வாசல் உத்தமம். வேறு இடமே இல்லையென்றால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள்.

4. குழியில் கஞ்சத்தனம் வேண்டாம்.
நம் செம்மண்ணில் ஒரு முழம் தோண்டினால் சுக்காங்கல் தட்டும். அதைப் பொறுக்கி எறியுங்கள். ஒன்றரை அடி ஆழம், அதே அகலம். மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணியைப் போட்டால் வேர் வெந்துபோகும். தொட்டியானால் கொத்து ரோஜாவுக்குப் பன்னிரண்டு அங்குலம், பட்டன் ரோஸுக்கு எட்டு அங்குலம். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியட்டும். முடிச்சுக்குக் கீழே கிளம்புகிற கிளை ரோஜாவுக்குச் சொந்தமில்லை. கத்தரித்தால் மறுபடி வரும்; அடியோடு பிய்த்தெடுங்கள்.

5. ஆடியில் நடாதீர்கள்.
ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைக்குச் சொன்னது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற ஆடிக் காற்று, வேர் ஊன்றாத செடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். புரட்டாசிக் கடைசியில் காற்று அடங்கி, மழை வரப்போகும் நாளில் சாயங்காலமாக நடுங்கள். முதல் இரண்டு மாதம் மொட்டைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். அந்தச் சத்து கிளைக்குப் போகும்.

6. வண்ணத்தைக் கூட்டமாக வையுங்கள்.
பத்து நிறத்தில் பத்துச் செடி வைத்தால் சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒரே நிறத்தில் மூன்று செடி சேர்ந்து பூத்தால் தெருமுனையிலிருந்தே தெரியும். பத்தடி நீளம், மூன்றடி அகலப் பாத்தி இருந்தால் பின்வரிசையில் இரண்டடிக்கு ஒன்றாக ஐந்து கொத்து ரோஜா. முன்வரிசையில் ஓரடிக்கு ஒன்றாகப் பட்டன் ரோஸ். சிவப்புக்கு முன்னால் வெள்ளை எடுப்பாக இருக்கும். நெருக்கி வைத்தால் காற்றோட்டம் போய், நாம் பெற்ற வரத்தை நாமே கெடுத்துக்கொள்வோம்.

7. போர்த் தண்ணீரின் உப்பைக் கவனியுங்கள்.
தொட்டி விளிம்பில் வெள்ளை படிந்தாலோ இலை ஓரம் கருகினாலோ உப்பு ஏறிவிட்டது என்று பொருள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தொட்டியின் அடியில் ஒழுகி ஓடும்வரை நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். மொட்டைமாடி மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்தால் ரோஜாவுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. காலையில், வேரடியில், ஆழ ஊற்றுங்கள். மேலே கரும்புச் சோகையோ சருகோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டால் பாதித் தண்ணீர் மிச்சம்.

8. முட்டை ஓடு போடாதீர்கள்.
எல்லாரும் சொல்கிற யோசனை இது. நம் மண்ணிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். இன்னும் சேர்த்தால் மண்ணில் இருக்கிற இரும்பைச் செடி எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது அதனால்தான். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். மாதம் ஒரு கைப்பிடி எரு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்கு ஊறலைப் பத்து மடங்கு நீர்க்க விட்டு ஊற்றினால் போதும். பஞ்சகவ்யாவை உழவுக்குக் கொண்டுவந்து பரப்பிய டாக்டர் நடராஜன் நம் கொடுமுடிக்காரர். பத்து லிட்டருக்கு 300 மில்லி கலந்து தெளித்தால் துளிர் செழிக்கும்.

9. கார்த்திகையில் கவாத்து, பொங்கலுக்குப் பூ.
வெட்டிய நாளிலிருந்து சுமார் 45 நாளில் பூ வரும். கார்த்திகை நடுவில், மழையில்லாத நாளில், கொத்து ரோஜாவைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த குச்சி முழுதாகப் போகட்டும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கூரான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். வாடிய கொத்தை ஐந்திலை வரும் இடம்வரை எடுத்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் கத்தரி வேண்டாம். அந்த இலைகள்தான் தண்டுக்கு நிழல்.

10. இலையைத் திருப்பிப் பாருங்கள்.
வறண்ட காற்றை விரும்புகிற பூச்சி ஒன்று உண்டு, செஞ்சிலந்தி. கோடையில் இலைக்கு அடியில் பொடிப்பொடியாகச் சிவந்து, மெல்லிய நூல் கட்டும். வாரம் இருமுறை, விடியற்காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். வெயில் ஏறுமுன் இலை காய்ந்துவிடும். மீறினால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுக் காதி சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். தினமும் ஐந்து நிமிடம் செடியருகே நின்றால் மருந்துக்கடைக்குப் போகும் வேலையே குறையும்.

11. மொய்ப்பணத்தில் கூடச் சேர்க்கும் ஒற்றை ரூபாய்போல, இன்னும் ஒன்று.
கவாத்தில் விழுந்த பட்டன் ரோஸ் குச்சிகளை எறியாதீர்கள். பென்சில் கனத்தில், நான்கு கணு உள்ளதாக எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போக நிழலில் ஊன்றுங்கள். ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். அதை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள்.

2016இல் மழை பொய்த்தது. அடுத்த கோடையில் எங்கள் போர் வற்றி, குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கினோம். என் பாத்தி முழுக்கக் காய்ந்தது. அந்த ஐப்பசியில், இரண்டு தெரு தள்ளி இருக்கும் அம்மிணி ஒருத்தி சின்னப் பையில் ஒரு பட்டன் ரோஸ் செடியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். “நீங்க குடுத்த குச்சிதானுங்க, பெரியப்பா” என்றாள். இன்று என் வாசலில் பூத்திருப்பதெல்லாம் அதன் குச்சிகள். வருகிற கார்த்திகையில் வாருங்கள், கண்ணுகளா. உங்களுக்கும் இரண்டு எடுத்து வைக்கிறேன்.